சி டிரைவில் இடமில்லை

ஜூன் 9, திங்கள்

கம்ப்யூட்டருக்கு வயிறு நிறைந்துவிட்டதாம். காலையில் திறந்ததுமே மூலையில் ஓர் அறிவிப்பு: சி டிரைவில் இடம் குறைவு. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த வீட்டு பீரோவில் எனக்கென்று ஒரு தட்டு முழுசாகக் கிடைத்ததில்லை. நான் யாருக்காவது அறிவிப்பு அனுப்பினேனா? ஐந்நூறு ஜிபியை வைத்துக்கொண்டு இது அழுகிறது.

அழட்டும் என்று விடவும் முடியாது. ஆவாரம்பாளையத்தில் ஒரு அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பக்கம் அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஓடிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு புத்தகம் வந்திருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் பொன்விழா மலர். மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். இது நன்றாக அமைந்தால் இனிமேல் புத்தக வேலையெல்லாம் உனக்குத்தான் என்று அச்சகத்துக்கார வெள்ளிங்கிரி அண்ணன் சொல்லியிருக்கிறார். மலரில் இதுவரை தாளாளரின் படம் இல்லாத பக்கம் இரண்டுதான். இரண்டும் விளம்பரம். அங்கே எப்படி விட்டுவிட்டார் என்று தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர், திருவாளர் சென்னியப்பன், பம்புசெட் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர். போன மாதத்திலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். ஆபீஸில் ஏதோ ரிப்பேர் நடக்கிறதாம், எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். பம்புசெட்டை வீட்டிலிருந்து எப்படி விற்பீர்கள் என்று அப்போதே கேட்டேன். "எல்லாம் ஆன்லைன் ஆயிருச்சு அம்மிணி" என்றார். கிணறும் ஆன்லைனில் போய்விட்டது போலிருக்கிறது.

"ஏனுங்க, கம்ப்யூட்டர்ல எடமில்லைங்குது. நீங்க ஏதாச்சும் ஏத்தி வெச்சிருக்கறீங்களா?"

"நானா? நா என்னத்த ஏத்தறேன். ரெண்டு கேட்லாக் கெடக்கும்."

இரண்டு கேட்லாக். போகட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

குற்றவாளி அகப்பட்டாள். மகள் தாரணி. பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருக்க, அவள் ஃபோல்டர் முழுக்கக் கொரியா. ஒரு நாடகத்தைத் தட்டிப் பார்த்தேன். ஒரு பையனும் ஒரு பெண்ணும் மழையில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் போய் பருப்பை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அத அழிக்காத! இன்னும் கடைசி எபிசோட் பாக்கல."

"கடைசியில கல்யாணம் பண்ணிக்குவாங்க கண்ணு. அதுக்கப்பறம் மழையில நிக்க மாட்டாங்க."

அழித்தேன். டிரைவ் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டுகிற கோடு சிவப்பிலிருந்து நீலமானது. தாரணி ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம் பேசவில்லை. இவரும் பேசவில்லை. இவர் சாதாரணமாகவே இப்போதெல்லாம் பேசுவதில்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மறுபடியும் சிவப்பு. கொரியாவையே காலி செய்து கொடுத்த இடம் இரண்டே நாளில் எங்கே போனது?

ஒருவேளை நான்தான் காரணமோ என்று என் ஃபோல்டரைத் திறந்தேன். 'மீனா கல்யாணம் ஃபைனல்', 'மீனா கல்யாணம் கடைசி ஃபைனல்', 'மீனா இதுதான் ஃபைனல்', 'மீனா மாமா பேர் சேர்த்தது'. மீனாவின் குழந்தைக்குக் காதுகுத்துப் பத்திரிகையே அடித்துக் கொடுத்தாகிவிட்டது. மாமாவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தேன். யானைப் பசிக்குக் கடுகளவு மிஞ்சியது.

காலையில் நான் பிரதி கொடுக்க அச்சகத்துக்குப் போய்விட்டு மதியம்தான் வருகிறேன். அதுவரை கம்ப்யூட்டர் இவர் கையில். வந்ததும் எழுந்து எனக்கு இடம் விட்டுவிடுகிறார். இன்று வந்தபோது ரசம் வைத்திருந்தார். சட்டைகளை வரிசையாக இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். மேலே வெள்ளைச் சட்டை, கீழே லுங்கி. ஆன்லைன் மீட்டிங்கில் இடுப்புக்குக் கீழே யாரும் பார்ப்பதில்லையாம். முன்பெல்லாம் சாப்பிடும்போது பத்து முறை போன் அடிக்கும், ஏதாவது ஒரு டீலர் கத்துவார். இப்போது அடிப்பதே இல்லை. வியாபாரம் அவ்வளவு சுமுகமாகப் போகிறது.

ரசத்தில் உப்பு கூட. சொல்லவில்லை. சரி, சொன்னேன்.

ஜூன் 14, சனி

கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜெரால்டு வந்தார். மவுசைக்கூடத் தொடாமல், நின்றபடியே திரையைப் பார்த்துவிட்டு, "வைரஸ்ங்க்கா" என்றார்.

"எடத்த வைரஸ் திங்குமா?"

"இது திங்கற வைரஸ்ங்க்கா. பேசாம இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துருங்க."

இவருடைய தலைவலிக்குக்கூட ஜெரால்டு இதையேதான் சொல்லுவார் என்று நினைக்கிறேன். அவர் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்க உட்கார்ந்ததும் இவர் அறைக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

"வேண்டாம் தம்பி, நீங்க கெளம்புங்க. நா பாத்துக்கறேன்."

இவர் பார்த்துக்கொள்வாராம். தொலைக்காட்சி ரிமோட்டில் பேட்டரி மாற்ற மகளைக் கூப்பிடுகிறவர்.

"என்னத்தப் பாப்பீங்க?"

"கம்பெனி சமாச்சாரம் உள்ள கெடக்குது. கண்டவங்க பாக்கறதுக்கில்ல."

பம்புசெட் ரகசியம் வெளிநாட்டுக்குப் போய்விடும். ஜெரால்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று இடம் குறையவே இல்லை. இவர் காலையிலேயே மருதமலைக்குப் போய்விட்டு சாயங்காலம்தான் வந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது.

ஜூன் 18, புதன்

போனது. மலரில் முப்பது பக்கத்துக்கு மேல் போனது.

சேமிக்கச் சொல்லி அமுக்கினேன், இடமில்லை என்றது. திரும்ப அமுக்கினேன், திரை வெளுத்தது, அப்படியே நின்றது. அணைத்துத் திறந்து பார்த்தால் தலைமையாசிரியர் வாழ்த்துரைக்குப் பிறகு ஒன்றும் இல்லை. பழைய மாணவர்களின் கவிதைகள் முழுக்கப் போய்விட்டன. தமிழுக்கு நஷ்டமில்லை. எனக்குத்தான்.

ஜூன் 19, வியாழன்

காலையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அழித்து இடம் உண்டாக்கிவிட்டு அச்சகத்துக்குப் போனேன். வெள்ளிங்கிரி அண்ணனிடம் பேச்சு வாங்கினேன். "உன்னால முடியலீன்னா இப்பவே சொல்லீரு அம்மிணி, வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார், மற்றவர்கள் முன்னால். வெயிலில் நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் கொஞ்சம் சத்தம் போட்டேன். வெயில்.

ஜூன் 20, வெள்ளி

கவிதைகளைத் திரும்ப அடிக்கிறேன். 'கல்விக் கடலே, கலங்கரை விளக்கே' என்று ஒரே கடலில் ஏழு பேர் குதித்திருக்கிறார்கள். இவர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். குடித்தேன்.

ஜூன் 23, திங்கள்

சிங்காநல்லூர் உழவர் சந்தையில் இவருடைய கம்பெனி அக்கவுண்டன்டின் சம்சாரம் கௌசல்யாவைப் பார்த்தேன். முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணனுக்கு வேற எடம் அமைஞ்சுதுங்களா அக்கா?"

"எந்த எடம்?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "இல்லீங்க்கா, சும்மா கேட்டேன்" என்றாள். முருங்கைக்காயை வாங்காமலே போய்விட்டாள்.

கௌசல்யா எப்போதுமே குழப்பக்காரி. ஆபீஸ் இடம் மாறுவதைச் சொல்லியிருப்பாள். ரிப்பேர் நடக்கிறதே, அதனால் வேறு இடம் பார்ப்பார்களாயிருக்கும். அதுதான்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். கண்டக்டர் தூங்கிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டான்.

ஜூன் 24, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

இவர் டீலரைப் பார்க்கப் பொள்ளாச்சி போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பினார். நான் அச்சகத்துக்குப் போகவில்லை. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டரே கோடு போட்டுக் காட்டுகிற ஒரு பக்கம் இருக்கிறதாம். இத்தனை நாள் அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா என்றெல்லாம் இப்போது ஆராய நேரமில்லை. திறந்தேன். என் வேலை ஒரு விரல் நீளம். தாரணி அதில் பாதி. மற்றதெல்லாம் வீடியோ. ஒரே ஃபோல்டரில். தேதி போட்டு வரிசையாக. மே மாதத்திலிருந்து.

பல மாதிரி நினைத்தேன். ஐம்பத்தொரு வயது ஆள், வீட்டில் தனியாக, கம்ப்யூட்டர், வீடியோ. என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து முதல் வீடியோவைத் தட்டினேன்.

இவர்தான். இதே நாற்காலியில். வெள்ளைச் சட்டை, நாங்கள் கல்யாணத்துக்கு எடுத்த நீலக் கழுத்துப்பட்டை. அது அவரைத் தூக்கில் போட்டதுபோல் இருந்தது. காமிராவைப் பார்த்து, "குட் மார்னிங் சார். மை நேம் இஸ் சென்னியப்பன்" என்றார். நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "குட் மார்னிங் சார். மைசெல்ஃப் சென்னியப்பன்." தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. பம்புசெட் துறையில் இருபத்தாறு வருஷ அனுபவம் என்பதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இருபத்தாறு சரியாக வருகிறது. அதற்குப் பிறகு அனுபவம் வரவில்லை.

நேர்காணலுக்குப் பழகுகிறார்.

அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் அதேதான். தாளில் எழுதி வைத்த கேள்வியைத் தானே படித்து, தாளை வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து தானே பதில் சொல்கிறார். "பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில். குடும்பச் சூழ்நிலை என்று ஒரு நாள். புதிய சவால் என்று ஒரு நாள். ஒரு நாள் தமிழில், "நா எங்கீங்க விட்டேன்" என்றார். "உங்கள் பலவீனம் என்ன?" என்பதற்கு மட்டும் எதிலும் பதில் இல்லை. யோசிக்கிறார், அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

இவ்வளவுதான் என்றால் அரை மணி நேரம்கூட வராது. இது எப்படி மலை மாதிரி இடம் பிடித்தது என்று ஒரு வீடியோவை ஓடவிட்டேன். பழகி முடித்ததும் மவுசை நகர்த்தி எதையோ அமுக்கிவிட்டு எழுந்து போகிறார். காமிரா ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தும் பொத்தானுக்குப் பதில் கழித்தல் குறியை அமுக்கியிருக்கிறார். திரையிலிருந்து மறைந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம், அவரைப் பொறுத்தவரை. காமிராவின் விளக்கு எரிவதை நான் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். வீடு முழுக்க எரிகிற விளக்கையெல்லாம் அணைத்துக்கொண்டு திரிகிறவள் அதை மட்டும் அலங்காரம் என்று நினைத்தேன்.

ஆக, டிரைவை நிறைத்திருப்பது எங்கள் கூடம். காலி நாற்காலி, சோபா, சமையலறை வாசல். மதியத்துக்கு மேல் நான். மணிக்கணக்கில் நான்தான். திரையை முறைத்தபடி, புருவத்தைச் சுருக்கியபடி, யாரையோ கடிக்கப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்பிள்ளை. இவர் பின்னால் வந்து ஏதோ கேட்கிறார். அவள் திரும்பாமலே பதில் சொல்கிறாள். பதில் நன்றாகத்தான் இருக்கிறது. சிரிப்புக்கூட வருகிறது. இவர் சிரிக்கவில்லை. ஒருமுறை அவர் ஏதோ சொல்ல வந்து, வாயைத் திறந்து, அவளுடைய முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்.

பத்தொன்பதாம் தேதியையும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பையைச் சோபாவில் எறிந்துவிட்டு அவள் கத்துகிறாள். இவர் சுவரோரமாக நிற்கிறார், வெள்ளைச் சட்டையும் லுங்கியுமாக.

"கம்ப்யூட்டருக்குள்ள எது எடத்த அடச்சுட்டு இருக்குதுன்னு பத்து நாளாத் தேடறேன். வெளிய எது அடச்சுட்டு உக்காந்திருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? காலையிலிருந்து பொழுது சாயற வரைக்கும் இந்தக் கூடத்துல, சட்டையை மாட்டிக்கிட்டு, என்னமோ ஜில்லா கலெக்டராட்ட. உங்களை முதல்ல காலி பண்ணுனா வீடே விசாலமாயிரும்."

அப்புறம் அவள் சமையலறைக்குப் போய்விடுகிறாள். பாத்திரங்கள் விழுகிற சத்தம். இவர் அங்கேயே நிற்கிறார். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, விசைப்பலகையைத் தன் சட்டை நுனியால் துடைக்கிறார், நான் உட்காரப் போகிறேன் அல்லவா. திரையைப் பார்த்து, சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைக்கிறார். குட் மார்னிங் சார்.

மூடிவிட்டேன்.

மதியம் சமைக்கவில்லை. தாரணி வந்து ஏன் என்றாள். தலைவலி என்றேன். எனக்கு வருகிற தலைவலிக்கு எப்போதும் காரணம் இருக்கும்.

ஜூன் 25, புதன்

தாரணியிடம் கேட்டேன்.

"அந்த ரெக்கார்டிங் எல்லாம் உங்கப்பாவுக்கு வெச்சுக் குடுத்தது நீயா?"

"ஆமா. கஸ்டமருக்கு டெமோ அனுப்போணும்னாரு."

"வேற ஏதாச்சும் சொன்னாரா?"

தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "சொல்லல. ஆனா எனக்குத் தெரியும்மா. அப்பாவோட போன் அடிக்கறதே இல்லையே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்றேன்.

வேலை செய்ய இடம் வேண்டும். ஏதாவது ஒரு வீடியோவை அழித்தாக வேண்டும். பத்தொன்பதாம் தேதியதை அழித்தேன். அது அவ்வளவு பெரிய ஃபைல்கூட இல்லை.

ஜூன் 26, வியாழன்

காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன். இவர் அதற்குள் கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டென்று கழற்றப் பார்த்தார், முடிச்சு இறுகிவிட்டது.

"நீ பிரஸ்ஸுக்குப் போகலியா?"

"போகோணும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்குது."

"உனக்கா?"

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தேன். "மிஸ்டர் சென்னியப்பன், உங்களைப் பத்திச் சொல்லுங்க."

என்னைப் பார்த்தார். காமிராவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. முடிச்சை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏப்ரல் கடைசியிலயே சொல்லீட்டாங்க கோகிலா."

"நா அதைக் கேக்கலீங்களே. உங்களைப் பத்திச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, இந்த மேனேஜருக்கு இங்கிலீஷ் வராது."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஆரம்பித்தார். சுல்தான்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் கருகிப்போய், கோடையில் தென்னங்கன்றுகள் காய்ந்துகொண்டிருந்தனவாம். சர்வீஸ் ஆள் வரவில்லை. மோட்டார் விற்றவர் இவர், சர்வீஸ் இவர் வேலையில்லை. இருந்தும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கி, அந்தத் தோட்டத்துக்காரரும் இவருமாக மோட்டாரை மேலே ஏற்றி, தன் பைக்கிலேயே கோவைக்குக் கொண்டுவந்து உள்ளே கருகிய கம்பிச்சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டிக் கொண்டுபோய்ப் பொருத்தியிருக்கிறார். அந்த ஊரில் அதற்குப் பிறகு வேறு கம்பெனி மோட்டார் ஒன்றுகூட இறங்கவில்லையாம். சொல்லும்போது கை தன்னால் கயிறு இழுத்தது. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடியிருந்திருக்கிறேன். வேட்டியில் ஏன் இவ்வளவு சேறு என்று அன்றைக்கு நான் கேட்டிருப்பேன். அது நிச்சயம்.

"இத்தனையும் வெச்சுக்கிட்டு இதை ஏன் காமிராகிட்டச் சொல்லல?"

"இங்கிலீஷ்ல வரல அம்மிணி. கிணத்துல எறங்குனேன்னு சொன்னா விழுந்துட்டேன்னு ஆகுது."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதுவும் இன்டர்வியூ கேள்விங்களா மேடம்?"

"ஆமா."

கழுத்துப்பட்டையின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "நீ தெனமும் என்னமோ தேடிட்டே இருந்த. எப்படியும் கண்டுபுடிச்சுருவேன்னு நெனச்சேன். நானா வாயைத் தொறந்து சொல்றதவிட அது சுலபமா இருந்துச்சு."

நிறுத்தும் பொத்தான் எது என்று காட்டிக் கொடுத்தேன். இதுவரை நின்றதே இல்லை என்று தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப எல்லாமே இருக்குதா? நீ பாத்தியா?"

"கொஞ்சம் பாத்தேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தார். "அன்னிக்கு வெயில் ரொம்ப ஜாஸ்தி" என்றார்.

நான் அச்சகத்துக்குக் கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை, தூசி.

ஜூன் 28, சனி

மலரை முடித்துக் கொடுத்தேன். வெள்ளிங்கிரி அண்ணன் புரட்டிப் பார்த்தார். "தாளாளர் படம் ஒண்ணு கொறையுதாட்டத் தெரியுதே" என்றார். வேறு குறை சொல்லவில்லை. அடுத்து ஒரு கல்லூரி மலர் வருகிறதாம்.

ஜூன் 30, திங்கள்

நிஜ இன்டர்வியூ. வடக்கே ராஜ்கோட்டில் ஒரு பம்பு கம்பெனி, ஆன்லைனில். நம் ஊர் போலவே அதுவும் பம்பு ஊராம்.

காலையிலிருந்து இந்த வீட்டுக்கு நான்தான் காவல்காரி. மிக்சி ஓடவில்லை, குக்கர் ஏறவில்லை. தாரணியைக் கல்லூரிக்குச் சீக்கிரமே துரத்தினேன். பழைய இரும்பு வாங்குகிறவன் மைக்கோடு தெருவில் நுழைந்தபோது ஓடிப்போய், "தம்பி, எங்க வீடு தாண்டற வரைக்கும் அமத்தீரு" என்றேன். ஏன் என்றான். வீட்டில் இழவு என்று சொன்னேன். வாயில் வந்தது அதுதான்.

சமையலறை வாசலில் ஒட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் இவர் திணறினார். பிறகுதான் தெரிந்தது, எதிர்ப்பக்கத்து ஆளின் இங்கிலீஷ் இவருடையதைவிட மோசம். இவருக்குத் தெம்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் இலக்கணத்தைக் கொன்று கூறு போட்டுச் சிரித்துப் பேசினார்கள். கிணற்றுக் கதையைச் சொன்னார். இந்த முறை யாரும் விழவில்லை.

ஜூலை 4, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. தென்னிந்திய டீலர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் முதலில் ஒரு வருஷமாவது ராஜ்கோட்டிலேயே இருக்க வேண்டும்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். "போகட்டுமா?"

காலி பண்ணினால் விசாலமாகும் என்று சொன்னவள் நான், கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்.

"ராஜ்கோட்ல யாராச்சும் தமிழ்ல கல்யாணப் பத்திரிகை அடிப்பாங்களா?"

"அங்க எதுக்கு அடிக்கறாங்க?"

"அப்ப நா அங்க வந்து என்ன பண்றது?"

கொஞ்ச நேரம் ஆயிற்று அவருக்குப் புரிய. புரிந்ததும் கீரைக்கட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆய ஆரம்பித்தார். தண்டையெல்லாம் இலையோடு சேர்த்துவிட்டார். தாரணி படிப்பு முடிகிற வரைக்கும் நான் இங்கே என்று பேசி முடிவாயிற்று.

ஜூலை 11, வெள்ளி

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுத்தேன். வண்டி நகர்ந்த பிறகு கதவருகே வந்து, "வீடியோ எல்லாம் அழிச்சுரு கோகிலா, உனக்கு எடம் வேணும்" என்று கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்ன வீடியோ என்று நினைத்தார்களோ.

வீட்டுக்கு வந்து அழித்தேன். பாதியை. கல்லூரி மலருக்கு அது போதும்.

ஜூலை 16, புதன்

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். மதியம் கூப்பிட்டார்.

"கோகிலா, இங்க பருப்புல சக்கரை போடறாங்க."

"ம்."

"கொழம்புலயும் போடறாங்க. கேட்டா அதுதான் ருசியாம். என்ற பக்கத்து சீட்டுக்காரன் அதுக்கு மேல வெல்லத்தையும் கடிச்சுக்கறான். வேலையெல்லாம் நல்லாத்தான் இருக்குது, மேனேஜர் நல்ல மனுசன். ஆனா ஒரு மனுசன் எத்தனை நாளைக்கு இனிப்புக் கொழம்பு திங்கறது, நீயே சொல்லு…"

பம்பு, மேனேஜர், அறைக் கதவின் தாழ்ப்பாள், குழாயில் வருகிற உப்புத் தண்ணீர், மறுபடி குழம்பு. ஏப்ரலிலிருந்து பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். நல்ல நல்ல பதிலாக நாலைந்து என் வாய்வரை வந்தன. ஒவ்வொன்றும் அவரை அப்படியே உட்காரவைத்துவிடும். சொல்லவில்லை. அவர் முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்தேன்.

ஒன்றும் ஞாபகம் வரவில்லை. குழம்பில் சர்க்கரை போட்டால் எப்படி இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.